தண்ணீர் தெளிக்காத இலை

சேசு மரி சூசை துணை

சேவுகம்பட்டி
22-1-1967

அன்பு மகன் இஞ்ஞாசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் சுகம். அமெரிக்காவில் பனி முழங்கால் அளவு கிடக்கிறது என்று எழுதியிருந்தாய், நீ சுகமாக இருக்கிறாயா என்று எழுதவில்லை, அதை நாங்களாகவே நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறோம். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, தைலம் தேய்த்தால் நடக்கிறார், தேய்க்காவிட்டாலும் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகத்தான் செய்கிறார்.

நீ அனுப்பிய முதல் பிலிமில் எடுத்த கொடிக்கால் படம் ஏன் அப்படித் திட்டுத் திட்டாகக் குழம்பியது என்று கேட்டிருந்தாய் அல்லவா, காரணம் தெரிந்துவிட்டது. திண்டுக்கல் ஸ்டூடியோவிலிருந்து முகமது பாரூக் வருகிறார் என்றதும், நம்மிடம் வெற்றிலை கிள்ளுகிற பேச்சாயி விடிந்தும் விடியாமலும் வந்து கொடிக்கால் பூராவும் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறாள். ஏனடி இப்படிச் செய்தாய் என்றால், "படம் பிடிக்கையில வாடுன மொகமா இருந்தா நல்லாவா இருக்கும் ஆத்தா, சந்தைக்குக் கட்டு போறப்பயே தெளிச்சுத்தான அனுப்புறோம்" என்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது பிலிமுக்கு வெயில் ஏறி இலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாரூக்கை உள்ளே விட்டேன். செருப்போடு கொடிக்காலுக்குள் கால் வைக்கக்கூடாது என்றதும் பாவம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நின்றார். நீ அனுப்பிய கருஞ்சிவப்புக் கண்ணாடியைக் காமிராவில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எனக்கே ஒண்ணும் தெரியலையேம்மா, பெட்டிக்கு என்னத்த தெரியப்போகுது" என்று சிரித்தார். ஆனால் தெரிந்தது. நீ கழுவி அனுப்பிய படத்தில் நல்ல கொடியெல்லாம் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக விழுந்திருக்கிறது, கிழக்கு வாய்க்கால் ஓரத்து வரிசைகள் மட்டும் இருண்டு கிடக்கின்றன. நேரில் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை.

படத்தைப் பார்த்துவிட்டு நீ எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு, நல்ல இலை அதைத் திருப்பி வீசும், உள்ளே நலிந்த இலை அந்த அளவுக்கு வீசாது, அங்கே யந்திரத்தில் ஒளியைப் பிரித்து இலை இலையாக அளந்து பார்க்கிறோம் என்பதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். படம் நலிவைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது, வேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று நீ எழுதியிருந்த இடத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். போன ஐப்பசியில் மேற்குப் பாதி வாடல் நோயில் போனது உனக்குத் தெரியும். இலை மஞ்சளாகட்டும், அப்புறம் பிடுங்கலாம் என்று காத்திருந்தோம், அதற்குள் தண்ணீர் போன வழியெல்லாம் அழுகல் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தக் கிழக்குப் பாதிதான். இதுவும் போனால் கொடிக்காலைக் கலைத்துவிட்டுச் சோளம் விதைக்க வேண்டியதுதான். நம் தண்ணீர் வடிந்து அடுத்திருக்கும் மொக்கைச்சாமியின் கொடிக்காலுக்குப் போவதால் அவன் பாடும் அதே பாடுதான்.

ஆகையால் வியாழக்கிழமை காலையில் நானே மண்வெட்டியோடு இறங்கினேன். அப்பா, "தை மாசம் கலியாணத்துக்கெல்லாம் எலை கேட்டு வாரான், பச்சையா நிக்கிறதப் பிடுங்குறேங்கிறியே, புத்தி பெசகிருச்சா புள்ள" என்று வரப்பிலேயே நின்றார். மொக்கைச்சாமியும் வந்துவிட்டான். இருண்ட வரிசையில் முதல் கொடியைத் தோண்டினேன். மேலே இலை பளபளவென்று இருக்கிறது, அடித்தண்டு கறுத்து, விரலால் நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. அடுத்த கொடியைத் தோண்டினேன், வேர் வெள்ளை வெளேரென்று நன்றாக இருந்தது. மொக்கைச்சாமி கைதட்டிச் சிரித்து, "என்னக்கா, அமெரிக்காக் கண்ணுல ஒரு கண்ணு நொள்ளையோ" என்றான். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது கறுப்பு, நாலாவதும் கறுப்பு. அப்புறம் சிரிப்பைக் காணோம். அவன் பாட்டுக்கு நடந்து போய் இரண்டு கொடிக்காலுக்கும் நடுவில் உள்ள வாய்க்கால் வாயை மண் போட்டு அடைத்துவிட்டு வந்தான். அப்பா என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்த வரிசைகளை முழுக்கப் பிடுங்கி, அங்கேயே போடாமல் மேட்டுக்குச் சுமந்து போய் எரித்துவிட்டோம். நல்ல வேருள்ள கொடிகளும் சேர்ந்துதான் போயின, அதை உனக்கு மறைக்கவில்லை, உன் கணக்கில் எழுதிக்கொள். ஒரே தண்ணீரில் நின்றவற்றை விட்டுவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மிச்சக் கொடிகள் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது, பங்குனி தாண்டினால்தான் தெரியும். தெரிவது எதுவானாலும் உள்ளபடி எழுதுவேன். இனி இலை மஞ்சளாகட்டும் என்று இந்த வீட்டில் யாரும் காத்திருக்கப்போவதில்லை. மொக்கைச்சாமி நேற்று வந்து, "தம்பிய எனக்கும் ஒரு பிலிம் அனுப்பச் சொல்லுக்கா, பேச்சாயிய மட்டும் அன்னைக்கு எங்கிட்டாச்சும் தொரத்தி விட்ரு" என்று சொல்லிவிட்டுப் போனான். முடிந்தால் அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியிலேயே காலம் தள்ளாதே, சோறு வடிக்கப் பழகிக்கொள். ஞாயிறு பூசையை விடாதே. தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாள், நீ தொட்ட வேலை விளங்கும், இது அப்பாவும் நானும் சேர்ந்து தரும் ஆசீர்வாதம்.

கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய படம் வந்தது. புதுக் கோட்டு, வாரிய தலை, நல்ல சிரிப்பு. அப்பா பெருமையாக எல்லோருக்கும் காட்டுகிறார். நான் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன் அப்பு, கன்னம் ஒட்டியிருக்கிறது. அது பேச்சாயி தண்ணீர் தெளித்த இலை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும், உள்ளபடி இருக்கும் முகத்தோடு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
செபாஸ்தியம்மாள்