அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

மார்ச் 3, ஞாயிறு

மூன்று தலை நாகம் நான்கே நிமிடத்தில் செத்துப்போனது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதையாட்டத்துக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து அதை உருவாக்கியிருந்தேன். குகை வரைந்தேன், குகைக்குள் ஏரி, ஏரிக்கு நடுவில் இடிந்த கோபுரம். மந்திரக்காரியாக ஆடும் என் தங்கை கோலைத் தூக்கி "நெருப்பு மழை" என்றாள், பகடையை உருட்டினாள், அவ்வளவுதான். என் மனைவி ஆடும் திருடி கோபுரத்தில் கால்கூட வைக்கவில்லை. மாடிவீட்டு வாத்தியாரின் வீரன் வாளை உருவவே இல்லை.

"அப்ப நாங்க கைதட்டத்தான் வந்தோமா தம்பி?" என்றார் வாத்தியார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் சுருக்கென்றது.

கோலைத் தங்கைக்குக் கொடுத்தது நான். பறக்கும் சக்தி, மறையும் சக்தி, எல்லாமே நான் கொடுத்தவைதான். புருஷன் வீட்டிலிருந்து வந்து நான்கு மாதம் அறைக்குள் முடங்கிக் கிடந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுக்க வந்து எங்கள் மேசை அருகே நின்றாள். "அந்தக் கதவைத் திறந்தா என்னண்ணா ஆகும்?" என்று கேட்டாள். அத்தனை நாளில் அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அதற்குப் பிறகு அவள் எது கேட்டாலும் என்னால் மறுக்க முடிந்ததில்லை.

அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள், பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்; கதையை நடத்துபவன் நான். பேய் பூதமெல்லாம் என் பொறுப்பு. பயமே இல்லாவிட்டால் அப்புறம் எதற்கு இந்தக் கதை?

மார்ச் 5, செவ்வாய்

இன்று வேலையில் ஒரு பழைய லிஃப்டுக்குப் பிரேக் சோதனை. வேகம் மீறினால் பெட்டியைத் தானாகப் பிடித்து நிறுத்தும் பிரேக். எடைக்கற்களை ஏற்றி வேகமாக இறக்கிப் பார்த்தால்தான் பிடிக்கிறதா என்று தெரியும். கட்டட மேனேஜர், "சும்மா கையெழுத்துப் போடுங்க சார், எதுக்கு வம்பு?" என்றார். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வேலை முழுக்க மனசு நாகத்திலேயே இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

இந்த வாரம் நெருப்பு சுடாத கல் பூதம். தங்கை மூன்று முறை மந்திரம் போட்டாள், பூதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோலைக் கீழே வைப்பதுபோல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எதுக்குண்ணா இருக்கேன்?"

ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டாள். ஆட்டத்தைப் பற்றித்தானே?

அதற்குள் பூதம் ஒரே குத்தில் வாத்தியாரின் வீரனைச் சாய்த்துவிட்டது. அவளை மிரட்டும் அளவுக்குப் பூதத்தைப் பெரிதாக்கினால் மற்றவர்கள் பிழைப்பதில்லை. அவர்களுக்கு ஏற்றபடி சுருக்கினால் அவள் ஊதித் தள்ளிவிடுகிறாள். கடைசியில் பூதத்துக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லி ஆட்டத்தை முடித்தேன். கல் பூதத்துக்குத் தூக்கம்! எனக்கே கேவலமாக இருந்தது.

மார்ச் 14, வியாழன்

மாப்பிள்ளை மறுபடி போன் செய்தார். இது மூன்றாவது முறை. "அவ சாமானெல்லாம் இங்கேயே கிடக்கு மச்சான். வர்றாளா இல்லையான்னு அவளையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க." அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். போன தடவையும் இதையேதான் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். இப்போதுதான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது! மந்திரத்தைப் பிடுங்க வேண்டாம், அதற்கு ஒரு விலை வைத்தால் போதும். ஒவ்வொரு பெரிய மந்திரத்துக்கும் ஆறுமுகப் பகடை ஒன்று உருளும். விழும் எண் அவளுடைய உயிர்ப்புள்ளியிலிருந்து கழியும். புள்ளி தீர்ந்தால் ஆள் காலி. நினைத்தபோதெல்லாம் நெருப்பு மழை பெய்ய முடியாது. மற்ற இருவருக்கும் வேலை வரும்.

தங்கை கண்ணை அகல விரித்து, "ஐயோ, இது நல்லாருக்கே!" என்றாள். வாத்தியார் முதுகில் தட்டிக்கொடுத்தார். மனைவி மட்டும், "அந்தப் பகடைய யாரு உருட்டுவா?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். என் முன்னால் நிற்கும் மறைப்பு அட்டைக்குப் பின்னால்.

மார்ச் 24, ஞாயிறு

அமர்க்களமான ஆட்டம். திருடி பூட்டைத் திறந்தாள், வீரன் வாசலைக் காத்தான், தங்கை யோசித்து யோசித்து மந்திரம் போட்டாள். ஒவ்வொரு முறையும் மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். போன வாரம் முதல் மந்திரத்துக்கே அட்டைக்குப் பின்னால் ஆறு விழுந்தது. ஒன்று என்று சொன்னேன். இன்று ஐந்து, நான்கு, மறுபடி ஆறு. ஒன்று, இரண்டு, ஒன்று என்று சொன்னேன்.

யாருக்கு என்ன நஷ்டம்? எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்? பிறகு ஏன் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை?

மார்ச் 31, ஞாயிறு

கெட்டது குடி.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது வாத்தியார் நோட்டைத் திறந்து வைத்தார். கணக்கு வாத்தியாரோடு பகடை ஆடினால் இப்படித்தான். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இதுவரை பதினொரு மந்திரம். பதினொண்ணுலயும் ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. மூணுகூட வரல. ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரத்துல ஒரு வாட்டிதான் இப்படி நடக்கும்."

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். முடியவில்லை. தங்கை என்னையே பார்த்தாள்.

"எத்தனை தடவைண்ணா மாத்திச் சொன்ன?"

"...ஏழு."

"நான் செத்திருக்கணுமா?"

"ரெண்டு தடவை."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள். வாத்தியார் நோட்டை மூடிவைத்து, "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க சார்" என்றாள் என் மனைவி.

ஏப்ரல் 1, திங்கள்

சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 3, புதன்

வேலையிலிருந்து வந்ததும் தங்கை என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"வேற என்னெல்லாம் மறைச்ச?"

எப்படிக் கேட்டாள்? யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பகடையில் ஏமாற்றுகிறவன் அதோடு நிறுத்தியிருப்பானா என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. சொல்லிவிட்டேன். மூன்று போன், மூன்று முறையும் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். கையிலிருந்த டூல் பெட்டியை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"உடம்பு சரியில்லன்னு சொன்னியா? அவங்க வீட்டுலயும் என்னைப் பத்தி அதையேதான் ஊரெல்லாம் சொன்னாங்க."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. உனக்காகத்தானேம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். உட்காரும் முன் மறைப்பு அட்டையை எடுத்து மடித்து அலமாரிக்கு மேல் வைத்தாள். ஆறுமுகப் பகடையை என் பக்கத்திலிருந்து எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

பாலம் இடிகிறது, திருடி அக்கரையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பாலத்தைப் பிடித்து நிறுத்தும் மந்திரம் தங்கையிடம்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு மிச்சம் நான்கே புள்ளி.

"பாதிக்குப் பாதிம்மா, பாத்துக்க" என்றார் வாத்தியார்.

"வேணாம்டி, நான் எப்படியாவது நீந்தி வந்துடறேன்" என்றாள் மனைவி.

தங்கை உருட்டினாள். பகடை மேசை விளிம்புவரை ஓடி நின்றது. ஐந்து. என் கை தானாக அதன் பக்கம் போனது, மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டேன்ல?" என்றாள் தங்கை.

"ஆமா."

"பாலம்?"

"நின்னுடுச்சு. அவ வந்துட்டா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் இங்கே வந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. வாத்தியார் தன் வீரன் அவளைத் தோளில் சுமந்துகொண்டு மலையிறங்குவதாகச் சொன்னார். இத்தனை மாதத்தில் நான் நடத்திய ஆட்டங்களிலேயே இதுதான் உருப்படியான ஆட்டம். இதில் நான் ஒன்றுமே செய்யவில்லை.

கலையும்போது சொன்னாள்: "சனிக்கிழமை அங்க போறேன். சாமான எடுக்கணும், சொல்ல வேண்டியதச் சொல்லணும். நீ வராத."

ஏப்ரல் 13, சனி

காலை பத்து மணிக்குக் கிளம்பினாள். பத்தரைக்கு நான் சட்டையை மாட்டினேன், கழற்றினேன். பதினொன்றுக்கு மறுபடி மாட்டினேன். "உக்காருங்க, தரை தேஞ்சிடும்" என்றாள் மனைவி.

இரண்டு மணிக்கு வந்தாள். கையில் ஒரு சூட்கேஸ். முகம் வெளிறியிருந்தது, தண்ணீர் டம்ளர் அவள் கையில் தடதடவென்று ஆடியது.

"திட்டினாங்களா?"

"நல்லா. நானும் விடல." டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்க வந்தப்புறம்தாண்ணா நடுங்குது. அங்க நடுங்கல."

சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில், இன்னும் ஒரு பெட்டி பாக்கியிருக்கிறது, அடுத்த சனிக்கிழமை போய் எடுத்து வருகிறேன் என்றாள். சரி என்றேன். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை.