கீழ் இறக்கை

29.12.2008, திங்கள்

உளுந்து வரத்தே இல்லை. விருதுநகரில் இன்று பாதி மண்டிகளில் முதலாளியும் ஈயும்தான். மதியம் ராம்குமார் வந்தான். அக்கா மகன், மதுரையில் படித்துவிட்டு இங்கே ஷேர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் ஒரு படம் போட்டான். பட்டாம்பூச்சியாம்.

இந்த மாதம் முழுக்க எகிறியும் விழுந்தும் ஆட்டம் காட்டிய ஒரு சாஃப்ட்வேர் பங்கு. இப்போது 175. ஜனவரிக் கடைசியில் 170 பக்கம் வந்து நிற்கும் என்கிறான். விலை இறங்கினாலும் 170-க்கே வாங்கிக்கொள்கிறோம் என்று இரண்டு மடங்குக்கு வாக்குக் கொடுத்து, அதற்குக் காசு வாங்க வேண்டும். அது உடம்பு. நாம் 190-க்கு விற்கலாம் என்று ஓர் உரிமையும், 150-க்கு விற்கலாம் என்று இன்னோர் உரிமையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவை இறக்கைகள். கணக்குப் பலித்தால் தொண்ணூறாயிரம் லாபம். பங்கு எங்கே போய் விழுந்தாலும் நஷ்டம் முப்பதாயிரத்தைத் தாண்டாது.

"கீழ் இறக்கைதான் மாமா முக்கியம். பட்டாசு கம்பெனியில ஒண்ணு வெடிச்சா அடுத்தது பத்தக் கூடாதுன்னு ஷெட்டுக்கு ஷெட்டு எடம் விட்டுக் கட்டுறாகள்ல, அது மாதிரி."

எனக்கு மாரிசாமி ஞாபகம் வந்துவிட்டது.

31.12.2008

வெள்ளைத்தாய் வட்டி வாங்க வந்தாள். மாரிசாமியின் மனைவி. பதினைந்து வருஷம் நம் மண்டியில் மூட்டை சுமந்தவன், கூலி அதிகம் என்று பட்டாசு கம்பெனிக்குப் போனான். வெடிமருந்து கலக்கும் மருந்து ஷெட். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே வெடிவிபத்தில் முடிந்துபோனான். நஷ்டஈடாக வந்த மூன்று லட்சத்தை அவள் பேங்கில் போடவில்லை, என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணாச்சி ஒரு வெல சொன்னா மாத்த மாட்டாகன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள் இன்றும்.

மகள் வள்ளித்தாய் பிளஸ் டூ. ஜூனில் மதுரையில் நர்சிங் சேர்க்க வேண்டுமாம். ஜூனில் வந்து வாங்கிக்கொள் என்றேன். ஷேர் ஆபீஸில் பிணையாகக் கட்டிய ஏழு லட்சத்தில் அவளுடைய மூன்றும் இருப்பதைச் சொல்லவில்லை. முப்பதாயிரம்தானே போகும், அதுவும் போனால்.

2.1.2009, வெள்ளி

மேல் இறக்கை வாங்கியாயிற்று. உடம்பும் விற்றாயிற்று. வரவும் செலவும் நேருக்கு நேர். பாக்கி, கீழ் இறக்கை. ஐந்து ரூபாய் என்கிறது ஷேர் ஆபீஸ் கம்ப்யூட்டர் திரை. நான் நாலு என்று போடச் சொன்னேன்.

"ஒரு ரூவாதான மாமா. ஆறாயிரம் பங்குக்கு மொத்தமே ஆறாயிரந்தான் கூட வரும். வாங்கிப் போட்டுருங்க."

மாட்டேன் என்றேன். அப்பா காலத்திலிருந்து இந்த மண்டியில் சொன்ன விலைக்கு மேல் ஏறியதில்லை. சரக்கு கொண்டுவரும் காரியாபட்டிக்காரர் முறைத்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார். ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் நம் வாசலுக்கே வருவார். அந்த விலைக்கே கொடுப்பார். திரைக்குப் பின்னால் இருப்பவனும் வியாபாரிதானே?

5.1.2009

நாலே முக்காலுக்கு இறங்கியது. பார்த்தாயா என்று ராம்குமாரைக் கேட்டேன்.

6.1.2009

"மாமா, ஒத்தை எறக்கையோட உடம்பு கெடக்கு. கீழ ஒண்ணுமே இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

சின்னப் பையன், பயப்படுகிறான். நாளைக்கு நாலுக்குத் தருவான் பார் என்றேன்.

7.1.2009, புதன்

அந்த சாஃப்ட்வேர் கம்பெனித் தலைவரே கடிதம் எழுதிவிட்டாராம், இத்தனை வருஷம் காட்டிய கணக்கெல்லாம் பொய் என்று. நூற்று எழுபது. நூறு. எழுபது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது. பிணை தாங்காது என்று ஷேர் ஆபீஸ்காரர்களே எல்லாவற்றையும் தீர்த்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆறு லட்சத்து அறுபதாயிரம் போச்சு. இறக்கை இருந்திருந்தா முப்பதாயிரத்தோட போயிருக்கும் — ஒத்த ரூவா. ஒத்த ரூவாடா பாவி. யாரு கேட்டா உன் மண்டி வழக்கத்த?

ராம்குமார் அழுதான். எனக்கு அதுகூட வரவில்லை.

8.1.2009

மொகரம். சந்தை விடுமுறை. மண்டியையும் திறக்கவில்லை.

12.3.2009

துவரை இருப்பை வந்த விலைக்குத் தள்ளினேன். காரியாபட்டிக்காரர்கள் சரக்குப் பாக்கிக்கு வாசலில் நின்று சத்தம் போட்டார்கள், கொடுத்தேன். பேங்க்காரன் ஆள் அனுப்பினான், கொடுத்தேன். யார் கத்தினார்களோ அவர்களுக்கு முதலில் கொடுத்தேன். வெள்ளைத்தாய் கத்தவில்லை.

3.6.2009, புதன்

வந்தாள். கூட வள்ளித்தாயும், கையில் காலேஜ் விண்ணப்பப் பாரத்தோடு. எல்லாவற்றையும் சொன்னேன். ஷேர் என்றால் அவளுக்கு விளங்கவில்லை. பணம் இல்லை என்பது விளங்கியது. அந்தப் பெண் பாரத்தை நாலாக மடித்துக்கொண்டே இருந்தது.

"எப்பத் தருவீக? ஒரு தேதி சொல்லுங்க அண்ணாச்சி. நீக சொன்னாப் போதும்."

சுவர் காலண்டரைப் பார்த்தேன், சொல்ல ஒரு தேதியும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

22.6.2009, திங்கள்

உளுந்து பார்க்கக் காலையிலேயே ஆமத்தூர் போனேன். மெயின் ரோட்டு விலக்கில் பட்டாசு கம்பெனி வேன் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் வள்ளித்தாய், மடியில் தூக்குவாளி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். உட்காரம்மா என்றேன்.

"எந்த ஷெட்டு?"

"மருந்து ஷெட்டுத்தான். அதுலதான் கூலி கூட."

"ஷெட்டுக்கு ஷெட்டு எடம் விட்டுக் கட்டியிருக்காகளா?"

"தெரியலையே அண்ணாச்சி. இன்னைக்குத்தான மொத நாளு."

வேன் புறப்பட்டுவிட்டது.