தீக்குச்சி உரசுமுன் கேட்ட வெடி

அனுப்புபவர்:
எம். புஹாரி,
பள்ளிவாசல் வீதி,
கலேவெல.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
கலேவெல.

விடயம்: பேராசிரியர் ஸுஹைல் அவர்களின் அதிவேக விமான இயந்திர ஆராய்ச்சியால் ஊரின் நோன்பு முந்தித் திறக்கப்பட்டதும், அந்தப் பழி என்மேல் விழுந்ததும்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளிவாசலில் றமழான் மாதத்தில் நோன்பு திறக்கும் வெடியைப் போடுபவன் நான். பாங்குச் சத்தம் எட்டாத வயல்கரை வீடுகளுக்கு என் வெடிதான் கணக்கு. இதுவரை ஒரு நாளும் முந்தியதில்லை, பிந்தியதுமில்லை.

2. பள்ளிவாசலுக்குப் பின்னால், மூடிக்கிடந்த தன் வாப்பாவின் அரிசி ஆலையில், பொறியியல் பேராசிரியர் ஸுஹைல் ஆராய்ச்சி செய்துவருகிறார். ஒலியைவிட ஐந்தாறு மடங்கு வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு இயந்திரம் தேடுகிறாராம். நீண்ட குழாயொன்றுக்குள் அந்த வேகத்தில் காற்றை விட்டு, அந்தக் காற்றிலேயே நெருப்பைப் பற்றவைக்க வேண்டும். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். பகலில் அயல் ஆலைகள் ஓடும்போது மின்சாரம் ஏறி இறங்குவதால், மஃரிப் தொழுகையை அண்டிய அந்தி நேரத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார். நெருப்புப் பிடிக்காததால் கடந்த வாரம்வரை அவருடைய குழாய் இருமியதே தவிர முழங்கியதில்லை.

3. கடந்த வெள்ளிக்கிழமை மாலை நான் தீப்பெட்டியோடு நின்றேன். குச்சியை இன்னும் உரசவில்லை. அதற்குள் பெரிய வெடிச் சத்தம். ஊரே பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டது. எல்லார் வீட்டுச் சுவரிலும் நேர அட்டவணை தொங்குகிறதுதான். ஆனால் கையில் பேரீச்சம்பழம் இருப்பவர் சுவரைப் பார்ப்பதில்லை, ஐயா. உரிய நேரத்தில் நான் வெடி போட்டபோது கஞ்சி பாதி இறங்கியிருந்தது. என்னுடையதைத் தவிர, அன்று ஊரில் ஒழுங்காக நிறைவேறியது ஒரேயொரு நோன்புதான். காதை இறுக அடைத்துக்கொண்டு குழாயருகே நின்ற பேராசிரியருடையது அது.

4. மற்ற எல்லோரும் அந்த நோன்பை வேறொரு நாளில் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும். கோபம் என் தலையில் விடிந்தது. பேராசிரியர் தாமாகவே பள்ளிவாசல் நிருவாக சபைக்கு வந்து, சத்தம் தன்னுடையது என்று சொன்னார். சபையார் ஆலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே குழாயும் வயரும் இருந்தன, விமானம் இல்லை. அவர் என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார் என்று முடிவெடுத்து, வேலையை என் மச்சான் ஹாஷிமிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அதற்காகப் பல றமழான்களாகக் காத்திருந்தவர்.

எனக்கு அவமானமாக இருக்கிறது. கடைத்தெருவில் என்னைக் கண்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். என் மனைவி றமீஸாவும் அன்று நோன்பு இழந்தவர்தான். அவர் சொன்னார்: "நோன்ப நான் திருப்பிப் புடிச்சிக்கிறேன். நீங்க போடாத வெடிக்கு நீங்க ஏன் தலையக் குனியணும்?" அதனால்தான் இந்த மனு.

5. ஆராய்ச்சியை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. எத்தனையோ மாலைகள் பிடிக்காத நெருப்பு அன்றுதான் முதன்முதலாகப் பிடித்ததாம். காற்றில் தீக்குச்சி கொளுத்தும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய அடுத்த சோதனை பெருநாளுக்குத் தலைப்பிறை பார்க்கும் மாலையில் வருகிறது. பிறை கண்டதை ஊருக்குச் சொல்வதும் வெடிதான். நோன்பு முந்தினால் கழாச் செய்யலாம். பெருநாள் முந்தினால் என்ன செய்வது?

ஆகவே, அந்த நாளை மாற்றித்தருமாறும், அதற்கு முன் ஒரு பகற்பொழுதில் அயல் ஆலைகளைச் சற்று நிறுத்திவைத்து, சபையாரோடு தாங்களும் வந்திருந்து அந்தக் குழாயை ஒருமுறை முழங்கச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்போது நான் சபையாருக்கு முன்னால், இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்கும்படி விரித்துக்கொண்டு நிற்பேன்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
எம். புஹாரி
நோன்பு திறக்கும் வெடி போடுபவர் (தற்சமயம் நிறுத்திவைக்கப்பட்டவர்)

இடம்: கலேவெல
திகதி: 2026.03.04