அரை டம்ளர் டீ

இன்று காலை கள்ளக்குறிச்சியில் என் கிளினிக்கில் ஓர் அம்மா தன் மகளை முன்னால் தள்ளி, "வெள்ளிமலையிலேர்ந்து வர்றோம்ங்க. காலையில எழுந்தா இவ கையில இருக்கற டம்ளர் தானா பறக்குது. காத்து கருப்புன்னு சொல்றாங்க" என்றாள். எங்கிருந்தோ எனக்கு டீ வாசனை வந்தது. கூடவே கோபமும்.

தோழி, அன்று உன் டம்ளரும் இப்படிப் பறந்ததை எத்தனை பேர் பார்த்தோம்! நரம்பியல் மேற்படிப்புக்கு வந்த கூட்டம் முழுக்க அந்த டூட்டி அறையில்தானே காலை டீ குடிக்கும்? தூக்கம் கெட்டால் விடிந்ததும் கை வெட்டி இழுக்கும், அதுவும் வலிப்புதான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய மேதாவிகள், உன் டீ தரையில் கொட்டியதும் கைதட்டிச் சிரித்தார்கள். "வடக்கனந்தல்காரிக்கு நம்ம டீ புடிக்கல!" நீயும் சிரித்தாய். அப்புறம் என் காதில் சொன்னாய்: "எனக்கு அரை டம்ளர் ஊத்துடி. முழுசா ஊத்துனா தரைக்குத்தான். மாத்திர போட்டுக்கினுதான் இருக்கேன், வெளிய சொல்லாத." யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, அன்றிலிருந்து எனக்கும் அரை டம்ளர்தான் ஊற்றிக்கொண்டேன்.

உன்னைக் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துக்கொண்டு தலைமைப் பேராசிரியரிடம் போனேன். நைட் டூட்டி மட்டும் வேண்டாம் என்று கேட்டோம். அந்த மனுஷன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நரம்பு டாக்டருக்கே வலிப்பா? முடியலன்னா வேற படிப்பு பாருங்க." வெளியே வந்து நீ, "வுடுடி, கொஞ்ச நாள்தான" என்றாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தபோது ஒரு நோயாளியிடம், "தூக்கம் கெடவே கூடாதுங்க, அதுவும் மாத்திர மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இரண்டு இரவு மூடாத கண்கள் உனக்கு. அன்று மதியம் விடுதியில் படுத்தவள், தூக்கத்திலேயே வலிப்பு வந்து இறந்துபோனாய். இரங்கல் கூட்டத்தில் அதே மனுஷன் மைக்கைப் பிடித்து, "என்ன ஒரு அர்ப்பணிப்பு" என்றார். அர்ப்பணிப்பாம்! செருப்பைக் கழற்றத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

"காத்தும் இல்ல, கருப்பும் இல்லம்மா. வலிப்புதான், மாத்திரையில அடங்கிடும். தூக்கம் மட்டும் கெடக் கூடாது" என்றேன். அந்த மகள் கேட்டாள்: "நான் டாக்டருக்குப் படிக்கணும்ங்க. அங்க தூங்க வுடுவாங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வுட மாட்டாங்கம்மா. சண்ட போட்டுத்தான் தூங்கணும். நீ படி, சண்டைக்கு நான் வர்றேன்" என்றேன்.

எனக்கு இன்றும் டீ அரை டம்ளர்தான், பழக்கம் போகவில்லை. ஆனால் இந்தச் சண்டையை நான் அரை டம்ளராக ஊற்றுவதாக இல்லை.