மயக்க மருந்துக்கு முன் ஒரு கவளம்

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான், மச்சான். இல்லை என்று மறுக்க நீர் இப்போது இல்லை. இருந்த காலத்திலும் நான் சொன்ன எதற்கும் நீர் ஆமாம் போட்டதில்லை.

இன்று காலை உம் மகள், அதாவது என் மருமகள், அந்தப் பித்தளைத் தூக்குவாளியைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டு விளக்கினாள். உமக்கும் எனக்கும் பேரனான பயலுக்குக் காதுகுத்து வருகிறது, பாத்திரம் பத்தாதாம். வாளியைத் திறந்து முகர்ந்தேன். உள்ளே புளிவாடைதான். ஆனால் என் மூக்குக்கு எட்டியது அந்த ஆஸ்பத்திரி வாடை: பழுத்து வெடித்த பலாவைச் சாராயத்தில் ஊறப்போட்டதுபோல, இனிப்பும் எரிச்சலுமாக. அந்த மயக்க மருந்து வாடை. உடனே உம்மேல் கோபம் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தவில்லை; படிப்புதான் என்னைத் தாங்க முடியாமல் நின்றுவிட்டது.

பகை எங்கே தொடங்கியது என்று உமக்கு நினைவிருக்கும். உம் மகள் பெரியவளானபோது, தாய்மாமன் சீரோடு நான் சுருளிப்பட்டியிலிருந்து கூடலூருக்கு வந்தேன். முன்னால் கொட்டு, பின்னால் வண்டி வண்டியாய்த் தட்டுகள். என் கடாவின் கொம்பு உம் வீட்டு நிலையில் இடித்து, வாசலையே பெரிதாக்க வேண்டுமோ என்று ஊர் பேசிக்கொண்டது. நீர் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, பந்தலில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி கேட்டீர்:

“ஏலே, இது கடாவா, கடாவோட நெழலா? இதுல கறி தேறுமா, இல்ல கயித்தத்தான் வேக வைக்கணுமா?”

சனம் சிரித்தது. நான் விடுவேனா?

“எங்க அக்காளுக்கு மாப்பிள்ள பாக்க வந்தப்ப எங்கப்பாவும் இப்படித்தான் மலைச்சு நின்னாக, மச்சான். ஆளா, ஆளோட நெழலான்னு.”

அதற்கும் சனம் சிரித்தது; உமக்குச் சிரித்ததைவிடக் கூடுதலாகவே சிரித்தது. நீர் துண்டை உதறித் தோளில் போட்டீர். “இனிமே உன் வீட்டுல நான் கை நனைச்சா மனுசன் இல்லலே!”

நம் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது வெறும் சாப்பாட்டுச் சங்கதி இல்லை. கை நனைத்தவன் அந்த வீட்டோடு பகையை முடித்தவன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பெண் இல்லை என்று அவன் வாயால் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் நீர் என் வீட்டு மோரைக்கூடத் தொடாமல் இருந்தீர். என் மகனும் உம் மகளும் மனசுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். உம்மைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும், உமக்கும் தெரியும். இருந்தும் கோம்பையில் மாப்பிள்ளை தேடினீர். அந்த வீட்டில் நாய்கள்தான் லட்சணமாக இருந்தன என்று நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அக்கா அழுதாள். நீர் அசையவில்லை. “இந்த வீம்பு ஒருநாள் உங்க தொண்டையிலதான் வந்து நிக்கும் மச்சான்” என்று கம்பம் சந்தையில் ஆயிரம் பேர் கேட்கச் சொன்னேன். சரி, ஒரு பத்துப் பேர்.

பிறகு வேலையாட்களுக்குப் பலம் காட்டுகிறேன் என்று நெல் மூட்டையைத் தூக்கினீர், குடல் இறங்கியது. வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் தேனிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தீர். நீர் கூப்பிடவில்லை, அக்கா ஆள் அனுப்பினாள், நான் வந்தேன். வரும்போது தூக்குவாளியில் நெல்லுச் சோறும் கோழிக்குழம்பும் கொண்டுவந்தேன். கத்தி வைக்கப் போகிற உடம்பு. எது எப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? பகையோடு உம்மை உள்ளே அனுப்ப எனக்கு மனமில்லை. உம்மேல் உள்ள பிரியத்தால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்காக.

டாக்டர் நல்ல மனிதர். கூட்டத்தில் விளங்கிக்கொள்ளக் கூடியவன் நான் ஒருவன்தான் என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, என்னிடம்தான் சொன்னார். வெறும் வயிறாக இருக்க வேண்டுமாம். வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் அது மேலே ஏறி, மூச்சுக் குழலுக்குள் இறங்கி ஆளை முடித்துவிடுமாம்.

கம்பவுண்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் வாளியைத் திறந்தேன்.

“மச்சான், ஒரே ஒரு கவளம். பேருக்கு.”

“பச்சத்தண்ணி கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருலே.”

“டாக்டரா பொண்ணு கேக்குறாரு? நான்ல கேக்குறேன்.”

“என்னக் கொல்லப் பாக்குறியாலே?”

“கொல்லுறதுன்னா அன்னைக்குப் பந்தல்லயே கொன்னுருப்பேன். வாயத் தெறங்க.”

நீர் என்னை முறைத்தீர். பிறகு வாளியைப் பார்த்தீர். பிறகு வாயைத் திறந்தீர். என் கையால் ஊட்டினேன்.

உள்ளே நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள், இருந்தாலும் பார்த்தேன். கம்பி வலைக்கூடு ஒன்றை உம் முகத்தில் கவிழ்த்து, அதன்மேல் துணி போட்டு, துணியில் சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் நீர் எண்ணவில்லை. வைதீர். என்னைத்தான். நினைவு தப்புகிற வரைக்கும் வைதீர்.

கத்தி வேலை நன்றாகவே முடிந்தது. உம்மைக் கொண்டுவந்து கட்டிலில் ஒருச்சாய்த்துப் போட்டார்கள். நான் அப்போது வெளியே புளியமரத்தடியில் இருந்தேன். நர்ஸ் அக்காவிடம் சொன்னாளாம்: “மயக்கம் தெளியுற வரைக்கும் இப்படியே படுக்கட்டும். தலைக்கு எதுவும் வைக்காதீங்க. நாக்கு தளந்து பின்னால விழுந்தா தொண்டையை அடைச்சுரும். குறட்டைச் சத்தம் வந்தா உடனே கூப்பிடுங்க.” அழுதுகொண்டிருந்தவள் காதில் எது விழுந்ததோ. நர்ஸ் அடுத்த அறைக்குப் போனாள். வெறும் கட்டிலில் உம் தலை கிடப்பதை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உம்மை நேராகத் திருப்பிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளியை நாலாக மடித்துத் தலைக்கு உயரமாக வைத்தாள். நீர் குறட்டை விட்டீர்.

“குறட்ட விட்டுத் தூங்குறாக. இனிமே பயமில்ல ஆத்தா” என்றாள் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாய் வந்த கிழவி. நம் வீடுகளில் குறட்டை சுகத்துக்கு அடையாளம். அது நின்றால்தான் எழுந்து பார்ப்போம். அக்கா நிம்மதியாக உம் காலைப் பிடித்துவிட்டாளாம்.

குறட்டை நின்ற நேரம் நான் உள்ளே நுழைந்தேன். உம் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான் போட்ட கூச்சல் தேனிச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டர் ஓடிவந்து கம்பளியை உருவி எறிந்தார். தாடையைத் தூக்கினார், துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார், நெஞ்சை அமுக்கினார். அவர் வியர்வை உம் முகத்தில் சொட்டியது. நீர் பிடிவாதக்காரர். திரும்பி வரவில்லை.

டாக்டர் நிமிர்ந்து இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டார்: “தலைக்கு இதை வச்சது யாரு? காலையில ஏதாச்சும் சாப்பிட்டாரா?”

கீழே கிடந்த கம்பளியை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள் அக்கா. அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“சாப்பிட்டாக. நான்தான் ஊட்டினேன்.”

டாக்டர் என்னை ஏசினார் பாரும், அப்படி ஓர் ஏச்சை நான் உம்மிடம்கூட வாங்கியதில்லை. கம்பளியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “சோத்தப் போட்டுக் கொன்னுட்டியேடா, பாவி!”

கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் அதுதான் பேச்சு. ஆனாலும் பெரியவர்கள் கூடி, கை நனைத்துவிட்டுப் போன மனிதரின் சம்மதம் சம்மதம்தான் என்றார்கள். உமக்கு வருசம் திரும்பிய பிறகு உம் மகள் என் வீட்டுக்கு விளக்கேற்ற வந்தாள். நன்றாக இருக்கிறாள். உம்மைப் போலவே முறைக்கிறாள்.

அக்கா மட்டும் இன்றுவரை என் வீட்டில் கை நனைக்கவில்லை. காதுகுத்துக்கும் வருவாள், பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் திரும்பிப் போவாள். உம் வீம்பை உம்மோடு எடுத்துப் போகாமல் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர். மார்கழிப் பனிக்கு அந்தக் கம்பளியைத்தான் போர்த்திக்கொள்கிறாளாம். உம் தலை கடைசியாகச் சாய்ந்த கம்பளி என்று வேறு யாரையும் தொட விடுவதில்லையாம். போர்த்திக்கொள்ளட்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இதைப் படித்துக் காட்டும் தைரியம் இந்தப் பள்ளத்தாக்கில் எவனுக்கும் இல்லை; இருந்தால் என்னிடம் வரட்டும்.

கடாவின் கொம்பு நிலையில் இடித்தது உண்மை. சந்தையில் நான் முன்னாலேயே சொன்னதும் உண்மை. அந்தக் கவளம் ஒன்றுதான் நான் சேர்த்தது. உமக்குத்தான் தெரியுமே. “செத்தாலும் உன் சோறு வேணாம்லே” என்று நீர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர். வாளிச் சோறு முழுவதையும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, உம்மை வைதுகொண்டே நானே தின்றேன். ஒரே ஒரு வாய் வாங்கியிருந்தால் உமக்கு என்ன குறைந்துபோயிருக்கும், மச்சான்? நீர் வாயைத் திறக்கவே இல்லை.