காசு பஸ்ஸை விட்ட நாள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடி ஆசை காட்டிவிட்டு மலைப்பக்கம் போய்விட்டது. மழை எல்லாம் கரியாலூர்க்காரர்களுக்குத்தான்.

இன்றைய வேலை: தேய்ந்த சோப்புத் துண்டுகளைப் புது சோப்பின் முதுகில் ஒட்டியது. பேஸ்ட் குழாயைக் கத்தரித்து வழித்தது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும். வெந்நீருக்கு மரவள்ளிக் குச்சி ஒரு கட்டு. கேஸைத் தொடவில்லை.

ரீனா வியாழக்கிழமை சேலம் போகிறாள். நர்ஸ் வேலை, ஆஸ்பத்திரி ஹாஸ்டல். ஒரே மகள். சந்தோஷப்படவே நேரமில்லை. பெட்டி, போர்வை, தட்டு, பூட்டு.

சாயந்திரம் அவள் சிநேகிதிகள் வந்தார்கள். கடையில் பப்ஸும் ஜூஸும் வாங்கச் சொன்னாள். வீட்டில் எலுமிச்சை கிடக்கும்போது எதற்கு? நானே போட்டேன். சர்க்கரை கம்மி, தண்ணீர் ஜாஸ்தி. ஒருத்தி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். வீணாகப் போகிறதே என்று அதை மறுபடி ஜக்கில் ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் ரீனா பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா நீ! எச்ச ஜூஸ போயி ஜக்குல ஊத்துறியே. என் மானமே போச்சு."

"மானமா? இத்தினி வருசம் நீ துன்ன சோத்துக்குக் கணக்கு சொல்லட்டா?" என்றேன்.

பெற்ற பிள்ளையிடம். எப்படி வந்தது அந்த வார்த்தை?

ஜூன் 10, செவ்வாய்

கேட்டால் பதில் சொல்கிறாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

மன்னிப்பு கேட்க வேண்டும். நாலைந்து தடவை அவள் அறைக்குப் போய், எதையோ தேடுவது போல் பார்த்துவிட்டுத் திரும்பினேன். "இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு இருக்கே?" என்றார் வீட்டுக்காரர். இவருக்கு ஒன்றும் புரியாது.

ஜெபத்திலும் மனம் நிற்கவில்லை. ரயில் ஏறும்போது சொல்லிவிடலாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள்.

ஜூன் 12, வியாழன்

வெயில். காற்றில் ஒரே புழுதி.

சின்னசேலத்தில் பாசஞ்சர் ரயில். பஸ்ஸை விட டிக்கெட் கம்மி என்று அதைச் சொன்னதும் நான்தான். அவரும் ரீனாவும் பெட்டியோடு பைக்கில். நான் பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது அவளாகவே பேசினாள்: "எந்த பஸ்ஸு வந்தாலும் ஏறிடும்மா. ஃப்ரீ பஸ்ஸுக்குன்னு நின்னுக்கினு இருக்காதே."

சரி என்றுதான் சொன்னேன்.

வடக்கனந்தல் ஸ்டாப்பிங்கில் முதலில் வந்தது தனியார் பஸ். காசு பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸும் பின்னாலேயே வரும் நேரம்தான். "ஏறுங்கம்மா, சீட்டு இருக்குது," கண்டக்டர் கூப்பிட்டார். கால் நகரவில்லை. கையில் காசு இருந்தது, அதுதான் ஆறவில்லை.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு பக்கத்தில் இருந்த பூக்காரம்மா: "டவுன் பஸ்ஸா? அது பிரேக்டவுன் ஆயி காலையிலேர்ந்து நிக்கிதும்மா."

அடுத்த பஸ் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் அவர் மட்டும். "கடேசி வரிக்கும் கதவாண்டயே நின்னுக்கினு இருந்தா," என்றார். திட்டியிருக்கலாம்.

சாயந்திரம் போன். "சேந்துட்டேன்." "பஸ்ஸு கெடைக்கலடி." "தெரியும்மா. பரவால்ல." வைத்துவிட்டாள்.

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பழக்க தோஷத்தில் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன். வேலை ஓடவில்லை. துடைத்த அலமாரியையே துடைத்தேன். போனை எடுத்து எடுத்து வைத்தேன். இது போனில் பேசுகிற பேச்சில்லை.

"நாளைக்கு சேலம் போறங்க."

"ஃப்ரீ பஸ்ஸு அது வரிக்கும் போவாதுடி," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, சனி

கள்ளக்குறிச்சி போய் சேலம் பஸ். டிக்கெட் எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை.

ரீனா யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஒன்ன பாக்கத்தான் வந்தேன்."

"காசு செலவு பண்ணிக்கினு, என்ன பாக்கவா?" அவள் நம்பவில்லை. என் எதிரிலேயே அப்பாவுக்குப் போன் போட்டு, "நெசமா நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, இவளுக்கு நான் எப்படிப்பட்ட அம்மாவாக இருந்திருக்கிறேன் என்று.

கேன்டீனில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு சோத்த வெச்சி ஒரு வார்த்த சொன்னேனே, அது தப்புடி. மனசுல வெச்சிக்காத."

ரீனா குனிந்துகொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். "மொதல்ல துன்னு," என்றாள். பரிமாறுகிறவரிடம் சாத வாளியை வாங்கி அவளே வைத்தாள். சாம்பாரில் உப்பு கரித்தது. மறுபடியும் சாதம் வைத்தாள். வயிறு நிறைந்துவிட்டது. அவள் வைத்துக்கொண்டே இருந்தாள், நானும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.