தரைப்பாலத்து ஹாரன்

என் பாசமான மச்சானுக்கு,

உங்க வாடகைக் காரு ஓடுது. அதைச் சொல்லத்தான் எழுதுறேன். ஆனா இடையில நடந்ததையும் சொல்லணும்.

ஆர்.எஸ்.மங்கலம் தரைப்பாலத்துல கண்மாய் வெள்ளம் உங்களைக் காரோட இழுத்துட்டுப் போச்சு. மறுநாள் உங்களை எடுத்தோம். காரு மூணாம் நாள்தான் கிடைச்சது. காரியம் முடிஞ்ச கையோட அக்கா அதை என் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிட்டா. "நீதான வயரிங் வேலை பாக்குற. ஓட வச்சுக் குடுறா"ன்னா.

பழைய பேட்டரியைக் கழட்டிட்டு, கனெக்டரையெல்லாம் பிரிச்சு, நல்ல தண்ணியில சேத்தைக் கழுவி, நாலு நாள் வெயில்ல காயவச்சேன். ஃபியூஸ் பெட்டியில செம்பெல்லாம் பச்சை பூத்திருந்துச்சு. ஹெட்லைட்டுக்குள்ள பாதித் தண்ணி நின்னு, அதுல கொசுப்புழு நெளிஞ்சுச்சு.

அஞ்சாம் நாள் மதியம் புது பேட்டரி வச்சேன். ரெண்டாவது வயரை மாட்டுனதும் ஹாரன் அலறுச்சு. காருக்குள்ள யாருமில்ல. கண்ணாடி வழியா உங்க சீட்டைப் பாத்தேன். பாக்காம இருக்க ஏலல.

வயரைப் பிடுங்கிட்டேன். ஈரத்துல கரெண்டு தாவும், தண்ணி புகுந்த வண்டியில இது உண்டுன்னு மனசைத் தேத்திக்கிட்டு ஹாரன் பட்டனைப் பிரிச்சேன். உள்ள ரெண்டு தகடும் கருகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சு. அது தண்ணி செஞ்ச வேலையில்ல. ரொம்ப நேரம் விடாம அமுக்குனாத்தான் அப்படிக் கருகும்.

எவ்வளவு நேரம் அமுக்குனீங்க மச்சான்?

தரைப்பாலத்துக்குப் பக்கத்துலதான என் ஒர்க்ஷாப்பு; அன்னைக்கு மழைக்குள்ள அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஏதோ லாரிக்காரன் அவசரப்படுறான்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல நின்னு போச்சு. நான் கை கழுவினேன்.

மறைக்க மனசு வரல. மறுநாள் தொண்டிக்குப் போய் அக்காகிட்ட சொல்லிட்டேன். உங்க சட்டைகளை மடிச்சுக்கிட்டு இருந்தா. "எனக்கும் கேட்டுச்சுடா"ன்னா. "நீளமா, விடாம. உன் மச்சான் தெருமுனைக்கு வந்துட்டாருன்னு சோத்தை எடுத்து வச்சேன். வாசல்ல வந்து பாத்தா யாருமில்ல."

தொண்டியில இருந்து தரைப்பாலத்துக்கு பஸ்ஸுலயே முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு எப்படிக் கேட்டுச்சு? நான் கேக்கல. நான் கொண்டுபோன கருகின தகட்டை மட்டும் வாங்கி அவ முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

இப்ப அக்காவே காரோட்டக் கத்துக்கிறா. பக்கத்துல நான் உக்காந்துக்குவேன். தரைப்பாலம் வந்ததும் நிறுத்துவா. கீழ காஞ்ச மணலை எட்டிப் பாத்துட்டுத்தான் கியர் போடுவா.

ஒரு வாக்குக் குடுக்குறேன் மச்சான். இனி மழைக்குள்ள எந்த வண்டி கூப்பிட்டாலும், யாருன்னு யோசிக்காம எந்திரிச்சுப் போவேன்.

உங்க பொஞ்சாதிக்குத் தம்பி,
நீங்க கூப்பிட்டது கேட்டும் வராமப் போன
உங்க மாப்ளே முருகேசன்